ஆன்லைன் காலத்தில் ஊர்க்கடையை மாற்றி அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ரெடிமேட் கடை இருக்கிறது. 12 அடி அகலம், 30 அடி நீளம். அதை ஒருமுறை தப்பாக மாற்றினேன். இரண்டு வருடம் கழித்துச் சரியாக மாற்றினேன். அப்புறம் பாலக்கோடு, அரூர், காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி என்று தெரிந்தவர்கள் கடைகளிலும் கூட நின்று அளவெடுத்திருக்கிறேன்.

கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே விஷயத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்: வேலையின் வரிசை. முதலில் போர்டு, கண்ணாடிக் கதவு, ஃபால்ஸ் சீலிங் என்று போய்விடுகிறது பணம். மிச்சம் இருப்பதில் ரேக். டிரையல் ரூமுக்கு வரும்போது கையில் ஒன்றும் இருப்பதில்லை, படிக்கட்டுக்கு அடியில் ஒரு திரை கட்டி முடித்துவிடுகிறார்கள். இங்கே அந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பியிருக்கிறேன். உதாரணத்துக்குத் துணிக்கடையை எடுத்துக்கொள்கிறேன். மற்ற கடைகளுக்கு எங்கே மாறுமோ அங்கே சொல்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு 5 மீட்டர் டேப், சுண்ணக்கட்டி, 200 பக்க நோட்டு, காலி அட்டைப்பெட்டிகள் பத்துப் பன்னிரண்டு. செலவு இவ்வளவுதான். முதல் மூன்று வாரத்துக்கு வேறு எதுவும் வாங்க வேண்டாம்.

வாடகைக் கடை என்றால் கட்டட உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். சுவரில் துளை போடலாமா, தடுப்பு எழுப்பலாமா, காலி செய்யும்போது எதைக் கழற்றிக்கொண்டு போகலாம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு நல்ல உறவு இருக்கும்வரைதான் செல்லும்.

மின் இணைப்பில் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று மின்வாரிய அட்டையிலோ பில்லிலோ பாருங்கள். 1.5 டன் ஏசி ஒன்றே ஏறக்குறைய ஒன்றரை கிலோவாட் இழுக்கும். ஏசி வாங்கி மாட்டிய பிறகு லோடு போதவில்லை என்று அலைவதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

காலத்தையும் பார்க்க வேண்டும். துணிக்கடைக்குப் பொங்கல் முடிந்து பங்குனி வரைக்கும் உள்ள இடைவெளி தோது. கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி, காவேரிப்பட்டினம் பக்கம் மாங்காய்ப் பணம் வைகாசி, ஆனியில் கைக்கு வரும். கடை அதற்குள் தயாராகி, நீங்களும் அதற்குப் பழகியிருக்க வேண்டும். பள்ளித் திறப்பும் அதே சமயம்தான். ஐப்பசியில் மட்டும் தொடாதீர்கள்.

1. 14 நாள் எண்ணுங்கள்

நோட்டில் நான்கு கட்டம்: உள்ளே வந்தவர், வாங்கியவர், வாங்காமல் போனவர், போனில் படம் காட்டிக் கேட்டவர். மணிக்கு ஒரு வரி. ஐந்து ஐந்தாகக் கோடு போட்டால் போதும்.

ஏன் 14 நாள்? இரண்டு ஞாயிறு வர வேண்டும், இரண்டு சந்தை நாள் வர வேண்டும். சம்பள வாரமும் சம்பளம் தீர்ந்த வாரமும் ஒன்றாக இருக்காது. ஒரே ஒரு வாரத்தை எண்ணிவிட்டு முடிவெடுத்தவர்கள், கூட்ட நாளுக்கு ஏற்ற கடையைக் கட்டி, மற்ற நாளில் வெறிச்சோடிக் கிடக்கிறார்கள்.

வாங்காமல் போனவர் கட்டத்துக்குப் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். இதுதான் இந்த முழு வேலையின் அஸ்திவாரம். “ஆன்லைன்ல கம்மியா கிடைக்குதுன்னு போயிடறாங்க” என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். நோட்டில் எழுதிப் பார்த்தபோது முதலிடத்தில் இருந்தது விலை இல்லை. சைஸ் இல்லை என்பது முதலிடம். போட்டுப் பார்க்கத் தயங்கியது இரண்டாவது. கூட வந்த பாட்டிக்கு உட்கார இடமில்லாமல் “அப்புறம் வர்றோம்” என்று போன குடும்பங்களும் இருந்தன. விலை அதற்குப் பிறகுதான் வந்தது.

உங்கள் நோட்டில் வேறு வரிசை வரலாம். வந்தால் அதன்படிதான் நீங்கள் போக வேண்டும், என்னுடையதைப் பார்த்து அல்ல.

இங்கே நடக்கும் பிழை இரண்டு. பில்லை மட்டும் எண்ணுவது ஒன்று; பில் வாங்கியவரைத்தான் காட்டும், திரும்பிப் போனவரைக் காட்டாது. கடைக்காரர் சும்மா இருக்கும்போது மட்டும் எண்ணுவது மற்றொன்று. கூட்ட நேரத்தில்தான் ஆட்கள் கவனிக்கப்படாமல் திரும்பிப் போகிறார்கள். அந்த நேரத்துக்கு வீட்டில் யாரையாவது கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

கூடவே இன்னொன்றையும் கவனியுங்கள்: பஸ் நேரம். பென்னாகரம், ஏரியூர் பக்கத்திலிருந்து வருபவர்கள் அடுத்த பஸ்ஸைக் கணக்குப் போட்டுக்கொண்டுதான் கடைக்குள் வருகிறார்கள். அவர்களுக்கு இருக்கும் நேரம் இருபது நிமிடமா, ஒரு மணி நேரமா என்பது கடை அமைப்பையே மாற்றும். இருபது நிமிடம்தான் என்றால் தேடாமல் கண்ணில் படுகிற மாதிரி சரக்கு இருக்க வேண்டும்.

2. கடைக்கு வருவதற்கு இரண்டு காரணம் தேர்ந்தெடுங்கள்

போனில் இருக்கும் கடைக்கு இடப் பஞ்சம் இல்லை. ஆயிரக்கணக்கில் டிசைன் காட்டும், நடு ராத்திரியிலும் விற்கும். அதோடு எண்ணிக்கையில் மோதினால் தோற்போம்.

அட்டைப்பெட்டியில் அனுப்ப முடியாதவை சில உண்டு. தொட்டுப் பார்ப்பது, போட்டுப் பார்ப்பது, இன்றைக்கே கையில் வாங்கிப் போவது, நம் உடம்புக்குத் தகுந்தபடி திருத்தி வாங்குவது, ஏதாவது என்றால் முகத்தைப் பார்த்துக் கேட்பது. இவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் கடையில் நல்ல இடத்தைக் கொடுங்கள். ஐந்தையும் செய்யப் போனால் 360 சதுர அடியில் எதுவும் உருப்படியாக அமையாது.

என் கடைக்கு நான் எடுத்தது, போட்டுப் பார்ப்பதும் அங்கேயே திருத்தித் தருவதும். பாத்திரக் கடைக்கு எடையைக் கையில் தூக்கிப் பார்ப்பதும், சீர்வரிசைப் பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருவதும். பெயர் வெட்டுகிறவரை மூலையில் ஒளித்து வைக்காமல் முன்னால் உட்கார வைத்த கடையில், அந்தச் சத்தத்துக்கே ஆள் நின்று பார்க்கிறார்கள். மளிகைக்குக் கேழ்வரகும் புளியும் நம் மாவட்டங்களின் சொத்து. சாக்கைத் திறந்து வைத்து, கையில் அள்ளிப் பார்க்க விடுங்கள். மொபைல் கடைக்குப் பழைய போனிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் மாற்றித் தர ஒரு மேசை, இரண்டு நாற்காலி.

சேலைக் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மேடையில் ஜமக்காளம் விரித்து, ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொரு சேலையாக விரித்துப் பார்ப்பது பழைய முறை என்று நினைத்து அதை இடித்துவிட்டுக் கண்ணாடி கவுண்டர் போடுகிறார்கள். தயவுசெய்து இடிக்காதீர்கள். மாமியாரும் நாத்தனாரும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்கும் அந்த ஒன்றைத்தான் எந்தப் போனாலும் தர முடியாது. பக்கத்தில் பர்கூர் ஜவுளிக் கடைகளுக்குக் கல்யாண வீட்டார் வேன் பிடித்து வருவதே அப்படிக் கூட்டமாக உட்கார்ந்து எடுக்கத்தான். வயதானவர்களுக்கு மேடையின் ஓரத்தில் நாற்காலி போடுங்கள், தரையில் உட்கார முடியாதவர்கள் கூடிவிட்டார்கள். மற்றபடி மேடை இருக்கட்டும்.

3. சரக்கைக் குறையுங்கள்

இடத்தை அமைக்கும் முன் சரக்கைக் குறைக்க வேண்டும். இருக்கும் சரக்கை அளந்து ரேக் அடித்தால், விற்காத சரக்குக்கும் சேர்த்து வீடு கட்டுகிறீர்கள்.

ஒவ்வொரு அடுக்கிலும் வந்த தேதியை எழுதிய சீட்டை வையுங்கள். 180 நாள் தாண்டியதைத் தனியாக எடுங்கள். அதைத் தள்ளுபடியில் தள்ளுங்கள், மொத்தக்காரர் எடுத்துக்கொண்டால் திருப்புங்கள். புதுக் கடைக்குள் மட்டும் அது வரக் கூடாது.

அடுத்தது சைஸ். 120 டிசைன் வைத்து ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு சைஸ் மட்டும் இருப்பதைவிட, 40 டிசைனில் 38 முதல் 44 வரை முழுமையாக இருப்பது மேல். காரணம் எளிது: “இந்த டிசைன் பிடிச்சிருக்கு, என் சைஸ் இல்லை” என்றதும் அவர் அங்கேயே நின்று போனில் அதே சட்டையைத் தேடுவார். நம் கடையை நாமே ஷோரூமாக்கி, விற்பனையை வேறொருவருக்குக் கொடுக்கும் இடம் அதுதான்.

4. ஆசாரியைக் கூப்பிடும் முன் தரையில் கோடு போடுங்கள்

ஆசாரிக்குக் கூலி பெரும்பாலும் சதுர அடிக் கணக்கு. அவரை வரையச் சொன்னால் சுவர் முழுக்கப் பிளைவுட் வரும். அது அவர் தப்பில்லை. வரைய வேண்டியது நம் வேலை.

12 அடி அகலத்துக்கு என் கணக்கைச் சொல்கிறேன். முதல்முறை இரண்டு பக்கமும் ஹேங்கர் ரேக் வைத்தேன். ஹேங்கரில் சட்டை தொங்க 2 அடி ஆழம் வேண்டும், ஆக 4 அடி போயிற்று. நடுவில் இரண்டரை அடி மேசை. மிச்சம் ஐந்தரை அடி, பக்கத்துக்கு 2.75 அடி. ஒருவர் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றால் அடுத்தவர் உரசாமல் போக முடியாது. பெண்கள் பின்பக்கம் உரசுகிற இடத்தில் நிற்க மாட்டார்கள், நகர்ந்துவிடுவார்கள். அந்தப் பக்கத்துச் சரக்கு விற்காததற்குத் துணியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் முறை ஒரு பக்கம் மட்டும் ஹேங்கர். எதிர்ப்பக்கம் மடித்து வைக்கும் ரேக், ஆழம் 15 அங்குலம் போதும். நடு மேசை 2 அடி. இப்போது ஒரு வழி 3.75 அடி, மற்றது 3 அடி. அகலமான வழியை ஆட்கள் அதிகம் நிற்கும் பக்கத்துக்குக் கொடுத்தேன்.

3 அடிக்குக் கீழ் எந்த வழியும் போகக் கூடாது. சக்கர நாற்காலி நுழைய 3 அடி, திரும்ப 5 அடி வட்டம் தேவை. வாசலில் படி இருந்தால் சாய்தளம் போடுங்கள்: உயரம் ஒரு பங்கு என்றால் நீளம் பன்னிரண்டு பங்கு. 6 அங்குலப் படிக்கு 6 அடி. செங்குத்தாகப் போட்டால் யாராலும் ஏற முடியாது, இறங்கும்போது ஆபத்தும்கூட.

கதவைத் தாண்டி முதல் 4 அடியில் எதையும் விற்க முயலாதீர்கள். வெயிலிலிருந்து வருபவரின் கண் நிழலுக்குப் பழக வேண்டும், செருப்பைத் துடைக்க வேண்டும், குழந்தையை இறக்கிவிட வேண்டும். அங்கே வைத்த தள்ளுபடிக் கூடையை ஆட்கள் கவனிக்காமலே கடந்து போவதைப் பாருங்கள். அந்தக் கூடையை ஐந்தாவது அடிக்குத் தள்ளி வைத்தால் கை தானாகப் போகும்.

கண்ணுக்கு நேரான உயரம் 4 முதல் 5 அடி. புதுச் சரக்கு அங்கே. 6 அடிக்கு மேல் உள்ளதைப் பெரும்பாலான பெண்களால் எட்டி எடுக்க முடியாது. அது ஸ்டாக் வைக்கும் இடம், விற்கும் இடம் இல்லை.

கோடு போட்டபின் அட்டைப்பெட்டிகளை ரேக் வரும் இடத்தில் அடுக்கி, மூன்று நாள் அப்படியே வியாபாரம் செய்யுங்கள். அசௌகரியம்தான். ஆனால் பெட்டியை நகர்த்தக் காசில்லை, பிளைவுட்டை நகர்த்தக் காசு வேண்டும்.

5. டிரையல் ரூமை முதலில் கட்டுங்கள்

துணிக்கடையின் இதயம் இதுதான். போட்டுப் பார்த்தவர் வாங்கும் வாய்ப்பு, கையில் பிடித்துப் பார்த்தவரைவிட அதிகம். உங்கள் நோட்டில் தனியாக எண்ணினாலே தெரியும்.

உள்ளளவு 4 அடிக்கு 4 அடி. 360 சதுர அடிக் கடையில் 16 சதுர அடி, அதாவது 5 சதவீதம்கூட இல்லை. “இவ்வளவு இடம் வீணா” என்று எல்லோரும் கேட்கிறார்கள். குறுக்கினால் சுடிதாரைத் தலைவழியாகப் போடும்போது கை சுவரில் இடிக்கும். இடித்தால் இரண்டாவது துணியைப் போட்டுப் பார்க்க மாட்டார்கள்.

உள்ளே வேண்டியவை: கொக்கி மூன்று (தன் துணிக்கு ஒன்று, புதுத் துணிக்கு இரண்டு), கைப்பை வைக்க ஒரு பலகை, ஒரு ஸ்டூல், நல்ல தாழ்ப்பாள், தலை முதல் கால் வரை தெரியும் கண்ணாடி, ஒரு சின்ன ஃபேன். சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாத டிரையல் ரூமில் யாரும் மூன்று நிமிடம் நிற்க மாட்டார்கள்.

சுவர் சீலிங் வரை போக வேண்டும். திரை வேண்டாம், கதவு போடுங்கள். கடைக் கேமராவின் பார்வையில் அந்தக் கதவுக்குள் எதுவும் விழக் கூடாது. பெண்களை அந்தரங்கமான நிலையில் பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவின்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், அந்த ரூமுக்குள் போகிறவர் ஒரு நொடி சுற்றும் முற்றும் பார்த்துச் சந்தேகப்பட்டாலே நம் கடை போயிற்று. அதனால் கேமரா எங்கே இருக்கிறது, எதைப் பார்க்கிறது என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

இடம்: முதல்முறை நான் கடைசியில், குடோன் கதவுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆண்கள் சரக்குத் தூக்கிக்கொண்டு போய் வரும் வழி அது. கல்லூரிப் பெண்கள் அந்தப் பக்கம் பார்ப்பதோடு சரி. இப்போது நீளத்தின் முக்கால் பங்கில், பெண்கள் துணிக்கு அடுத்தாற்போல் இருக்கிறது. கதவு கடை வாசலைப் பார்க்காது, ஆனால் கூட வந்தவருக்குத் தெரியும்.

கதவுக்கு வெளியே மூன்று பேர் உட்காரும் பெஞ்சு ஒன்றும், இன்னொரு பெரிய கண்ணாடியும் வையுங்கள். போட்டுக்கொண்டு வெளியே வந்து “எப்படி இருக்கு?” என்று கேட்கும் இடம் அது. பெஞ்சில் இருக்கும் அக்கா “நல்லாயிருக்கு, எடுத்துக்க” என்றால் முடிந்தது. நாம் பத்து முறை சொன்னாலும் அதற்கு ஈடாகாது.

தையல் மெஷினை அந்தப் பெஞ்சுக்கு எதிரே போடுங்கள். பேன்ட் ஓரம் மடித்து அடிப்பது, இடுப்பைப் பிடிப்பது, சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது எல்லாம் கண்ணெதிரே நடக்கட்டும். போனில் வாங்கிய பேன்ட்டை ஓரம் அடிக்கக் கொண்டுவந்தாலும் முகம் சுளிக்காமல் கூலி வாங்கிக்கொண்டு அடித்துக் கொடுங்கள். அடுத்த பேன்ட்டை இங்கேயே வாங்குகிறார்கள்.

6. வெளிச்சம்: மின்வேலை மரவேலைக்கு முன்

ஆன்லைனில் துணி வாங்கியவர்களின் பெரிய குறை, படத்தில் பார்த்த நிறம் வேறு, வந்த நிறம் வேறு என்பது. நம் கடையில் உண்மையான நிறம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நம்மிடம் இருந்த பெரிய பலத்தை நாமே அணைத்துவிடுகிறோம்.

எல்.இ.டி. பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். பொருளின் நிறத்தை அந்த விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு அது. 100 முழு மதிப்பு. மலிவு விளக்குகள் 70, 80 என்று இருக்கும். துணிக்கு 90க்குக் குறையாமல் கேளுங்கள். விலை கூடத்தான் செய்யும். எல்லா விளக்கையும் மாற்றக் காசில்லை என்றால் டிரையல் ரூம், வெளிக் கண்ணாடி, சேலை மேடை மூன்றுக்கும் மட்டும் முதலில் மாற்றுங்கள்.

விளக்கின் நிறம் 4000 கெல்வின் துணிக்குப் பொருந்தும். 6500 கெல்வின் நீலம் தட்டிய வெள்ளை. முகம் வெளிறிப்போய்த் தெரியும். நகை, பேக்கரிக்கு 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் நன்றாக இருக்கும்.

வெளிச்சம் தரையில் விழக் கூடாது, துணியில் விழ வேண்டும். 10 அடி சீலிங் என்றால் ரேக்கின் முகப்பிலிருந்து 3 அடி தள்ளி விளக்கைப் பொருத்தி, ரேக் பக்கம் சாய்த்து விடுங்கள். பெரும்பாலான கடைகளில் விளக்கு நடைபாதைக்கு நேர் மேலே இருக்கிறது. டைல்ஸ் பளபளக்கிறது, சட்டை இருட்டில் கிடக்கிறது. டிரையல் ரூமில் தலைக்கு மேல் ஒரே விளக்கு வேண்டாம், கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து யாரும் களைத்துப்போனதுபோல் தெரிவார்கள். கண்ணாடியின் இரு பக்கமும் வையுங்கள்.

இதற்கெல்லாம் வயர் சுவருக்குள் போக வேண்டும். ஆகவே எலக்ட்ரீஷியன் முதலில், ஆசாரி பிறகு. மாற்றிச் செய்தால் புது ரேக்கில் துளை போட்டு வயர் இழுப்பீர்கள்.

நம் ஊர்ப் பெண்கள் சேலையை எடுத்துக்கொண்டு “வெளிச்சத்துல பார்த்துட்டு வர்றேன்” என்று வாசலுக்குப் போவார்கள். அதைத் தடுக்காதீர்கள். வாசலை ஒட்டி உள்பக்கம் ஒரு கண்ணாடி வைத்துவிடுங்கள். மேற்குப் பார்த்த கடையாக இருந்தால் பிற்பகல் வெயில் நேரே உள்ளே வரும். பந்தலோ மடக்கும் கூரையோ கட்டாயம். முன்னால் தொங்கும் துணியைப் பத்து நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் மடிப்போரம் வெளுத்துவிடும்.

7. கல்லாவும் மாற்றித் தரும் இடமும்

கல்லா வாசலுக்கு நேராக இருந்தால் உள்ளே வருபவர் முதலில் பார்ப்பது பணப்பெட்டியை. பக்கவாட்டில், வெளியே போகும் வழியில் வையுங்கள். உட்கார்ந்திருப்பவருக்கு வாசலும் டிரையல் ரூம் பக்கமும் தெரிந்தால் போதும்.

வாஸ்து பார்க்கும் வீடு என்றால் அதையும் மதித்துச் செய்யலாம். பணப்பெட்டியும் அப்பாவின் இருக்கையும் வேண்டிய திசையில் இருக்கட்டும். பில் போடும் மேசையைத் தனியாக எடுத்துவிடுங்கள். இதைச் சொன்னபின் பல வீடுகளில் சண்டை நின்றிருக்கிறது. யுபிஐ அட்டையை பில் மேசையில் ஒன்றும் தையல் மெஷின் பக்கம் ஒன்றும் வையுங்கள். சின்னக் கூலிக்காக வரிசையில் நிற்க வைக்காதீர்கள்.

“விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது” என்ற போர்டைக் கழற்றுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் காலம் குறிக்காவிட்டால் 30 நாள் என்று கணக்கு. போனில் வாங்கியதை வீட்டு வாசலிலேயே திருப்பிக் கொடுத்துப் பழகியவர்களிடம் அந்தப் போர்டு வேறு எதையும் சொல்லவில்லை, “இங்கே வாங்காதே” என்பதைத்தான் சொல்கிறது.

மாற்ற வருபவருக்குக் கல்லாவிலிருந்து நான்கைந்து அடி தள்ளி ஒரு சின்ன மேசை ஒதுக்குங்கள், டிரையல் ரூம் பெஞ்சுக்குப் பக்கத்தில். வாங்கக் காத்திருப்பவர் காதில் அந்தப் பேச்சு விழாது. மாற்ற வந்தவரும் அங்கேயே வேறொன்றைப் போட்டுப் பார்ப்பார்.

8. போனுக்கும் கடையில் ஓர் இடம்

ஒரு சுவரில் 4 அடி அகலம், 6 அடி உயரத்துக்கு மங்கிய வெள்ளை பெயின்ட், மேலே ஒரு கம்பி, 90 சி.ஆர்.ஐ. விளக்கு ஒன்று. புதுச் சரக்கு வந்ததும் அங்கே தொங்கவிட்டுப் படம் எடுங்கள். குவியலுக்கு நடுவே எடுத்த படத்தில் நிறமும் தெரியாது, அளவும் தெரியாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதனால் வாட்ஸ்அப் பிசினஸில் இருக்கும் கேட்டலாக்கிலும் விலையோடு ஏற்றுங்கள்.

“எடுத்து வையுங்கண்ணா, சாயங்காலம் வர்றேன்” என்பவர்களுக்குக் கல்லாவுக்கு எட்டும் தூரத்தில் ஒரு ரேக். பையில் பெயர், தேதி, பணம் கட்டியாயிற்றா என்ற மூன்றும் இருக்க வேண்டும். மூன்று நாளுக்குள் வராவிட்டால் ஒரு போன் செய்துவிட்டுச் சரக்கை ரேக்குக்குத் திருப்புங்கள். இந்த ரேக் இல்லாத கடைகளில் பைகள் கல்லாவுக்குக் கீழே குவிந்து, தேடுவதற்குள் வந்தவர் பொறுமை இழந்துவிடுகிறார்.

கூகுள் மேப்பில் கடையைச் சேர்ப்பது இலவசம். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர், சரியான நேரம், விடுமுறை நாள், டிரையல் ரூம் படம் உட்பட ஐந்தாறு படங்கள். நேரம் தப்பாக இருந்தால் சேர்க்காமல் இருப்பதே மேல். ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் ஊருக்கு வரும் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் கிளம்புகிறார்கள்.

ஒவ்வொரு துணியிலும் விலை எழுதியிருக்க வேண்டும். விலை கேட்கக் கூச்சப்படும் தலைமுறை இது, போனில் கேட்காமலே தெரிந்துகொண்டு பழகிவிட்டது. விலைச் சீட்டிலேயே “ஓரம் அடிப்பது இலவசம், 15 நாளுக்குள் மாற்றலாம்” என்று அச்சடித்து விடுங்கள். யாராவது கடைக்குள் நின்று போனில் விலை ஒப்பிட்டால் அவர் கண்ணெதிரே அந்த வரியும் இருக்கும்.

9. வேலை செய்கிறவர்களுக்கும் இடம்

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, கடையில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தருவது கட்டாயம். சட்டம் வருவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய காரியம் இது. பகல் முழுக்க நின்ற கால்வலியோடு ஒரு பெண் சாயங்காலம் ஏழு மணிக்குப் பத்தாவது சேலையைச் சிரித்த முகத்தோடு விரிக்க முடியாது. ரேக் அடிக்கும்போதே மடக்கும் பலகை இருக்கை ஒன்றை நடுவில் வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர்க் குடமும் அவர்கள் சாப்பாட்டுப் பை வைக்க ஒரு தட்டும் வரைபடத்தில் இருக்கட்டும்.

கோடு போடும் நாளில் அவர்களையும் கூப்பிடுங்கள். எந்தத் தட்டு எட்டாது, எங்கே இடிக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

10. முகப்பும் போர்டும் கடைசியில்

உள்ளே எல்லாம் முடிந்து, மிச்சம் இருக்கும் பணத்தில்தான் முகப்பு. உள்ளே சரியில்லாமல் முகப்பை மட்டும் அலங்கரித்தால் புது ஆட்கள் ஒருமுறை வந்து ஏமாந்து போவார்கள், அவ்வளவுதான்.

போர்டில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் இருக்க வேண்டும் என்பது விதி. ஓசூர் பக்கம் கன்னடம், தெலுங்கு சேர்ப்பவர்கள் இந்தக் கணக்கை அச்சடிக்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். கடை என்ன விற்கிறது என்பது சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்கத் தெரிய வேண்டும். பெயர் மட்டும் எழுதி, துணிக்கடையா நகைக்கடையா என்று புரியாத போர்டுகள் நிறைய.

கண்ணாடிக்குள் பொம்மை இரண்டு போதும். ஒன்றுக்கு முழு உடை: சட்டை, பேன்ட், பெல்ட். விலையும் போடுங்கள். கண்ணாடி முழுக்கத் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே பார்க்க முடியாமல் செய்துவிடாதீர்கள். உள்ளே ஆட்கள் இருப்பது தெரிந்தால்தான் வெளியே நிற்பவர் தயக்கமில்லாமல் நுழைவார்.

ஒரு டூவீலருக்கு இரண்டரை அடி அகலம் வேண்டும். 12 அடி முகப்பில் நான்கு வண்டி நிறுத்தினால் வாசலுக்கு 2 அடிதான் மிஞ்சும். மூன்றோடு நிறுத்திக் கோடு போடுங்கள். சாக்கடை மூடி ஆடுகிறதா என்றும் பாருங்கள். சேலை கட்டிய பெண்கள் கால் வைக்கத் தயங்கும் மூடி ஒன்று, உள்ளே செய்த எல்லாச் செலவையும் வாசலிலேயே நிறுத்திவிடும்.

11. திறந்த பின் 30 நாள்

ரேக்கின் தட்டுகளை ஆணி அடித்து நிரந்தரமாக்க வேண்டாம் என்று ஆசாரியிடம் முன்பே சொல்லியிருங்கள். நடு மேசைக்குச் சக்கரம் இருக்கட்டும். ஏனென்றால் முதல் மாதத்தில் ஏதாவது ஒன்று நிச்சயம் மாறும்.

அதே நோட்டை எடுத்து, அதே நான்கு கட்டத்தில், மறுபடி 14 நாள் எண்ணுங்கள். இந்த முறை ஐந்தாவது கட்டம் ஒன்று சேருங்கள்: டிரையல் ரூமுக்குள் போனவர். பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வருபவர் எண்ணிக்கை மாறாமல் வாங்குபவர் கூடியிருந்தால் உள்ளே சரியாக இருக்கிறது, இனி முகப்புக்கும் படத்துக்கும் செலவு செய்யலாம். வருபவர் கூடி வாங்குபவர் கூடவில்லை என்றால் காரணம் எழுதிய வரிகளைப் படியுங்கள். சைஸா, வழியா, வெளிச்சமா என்று அதிலேயே இருக்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. மேசையை நகர்த்தினால் ஒரு வாரம் பார்த்துவிட்டு, அப்புறம் விளக்கைத் தொடுங்கள். என் கடையில் பெஞ்சு இப்போது இருக்கும் இடத்துக்கு வந்தது நான்காவது நகர்த்தலில்.